ஸன்ஸ்கார் 17 நாள், அதுல 9 நாள் ஒரே வீட்ல (நீளமான பதிவு)

நடைவண்டி:

எல்லாருக்கும் வணக்கம். போன செப்டம்பர்ல நானும் என் தம்பியும் லடாக்ல இருக்கிற ஸன்ஸ்கார் பள்ளத்தாக்குக்குப் போயிட்டு வந்தோம். லடாக்னு சொன்ன உடனே எல்லாரும் பாங்காங் பாத்தீங்களா, கர்துங் லா (லா-ன்னா கணவாய்) ஏறுனீங்களானுதான் கேக்குறாங்க, நாங்க அந்தப் பக்கமே போகல. பாத்த இடத்த விட பாத்த மனுஷங்களப் பத்தித்தான் எழுதணும்னு இருக்கு, அதனால ரூட்ட முதல்லயே சொல்லி முடிச்சிடறேன்.

ஸ்ரீநகர்ல இறங்கி ஸோஜி லா தாண்டி கார்கில், அங்க ஒரு ராத்திரி. அடுத்து சுரு பள்ளத்தாக்குல பனிக்கர், ரெண்டு ராத்திரி. அந்தப் பள்ளத்தாக்கு பூரா ஷியா முஸ்லிம் கிராமங்க, பொம்பளைங்க முதுகுல கூடை கட்டி தீவனப்புல் சுமந்துட்டுப் போறாங்க, பின்னாடி நுன், குன்னு ரெண்டு பனிமலை, ரெண்டுமே 7,000 மீட்டருக்கு மேல. ரங்டும் வர்றப்ப மசூதி முடிஞ்சு புத்த மடம் ஆரம்பிக்குது, ஆனா வீட்டு அமைப்பும் சாப்பாடும் பெருசா மாறல, பேசுற மொழியும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம்தான். அப்புறம் பென்ஸி லா கணவாய், 4,400 மீட்டர், அங்க நின்னா ட்ராங் ட்ருங் பனியாறு வளைஞ்சு இறங்கி வர்றது முழுசா தெரியும். அந்தப் பக்கம் இறங்கினா ஸன்ஸ்கார், முக்கிய ஊர் பதும். கார்கில்ல இருந்து சுமார் 230 கிமீ, நாங்க ஷேர் சுமோலதான் போனோம்.

பதும்ல இருந்து கொஞ்ச தூரத்துல ஒரு கிராமம், மொத்தம் பதினோரு வீடு. பேர் எழுதலைன்னு கோச்சுக்காதீங்க, படிக்கிறவங்க எல்லாம் ஒரே வீட்டுக்குப் போய் நின்னா அவங்களால தாங்க முடியாது. ரெண்டு நாள் தங்கலாம்னு போனோம், அறுவடை நடந்துட்டு இருந்துச்சு, சும்மா உக்காந்து பாக்க மனசு வரல, கூட இறங்கி வேலை செஞ்சோம், அப்படியே ஒம்பது நாள் ஆயிடுச்சு.

அந்த வீட்ல அமா-லே (அம்மா), அவங்க புருஷன், மேமே-லே (தாத்தா), லே டவுன்ல படிக்கிற ரெண்டு பசங்க. இந்த "லே"ங்கிறத நான் முதல்ல ஊர் பேர்னு நினைச்சு குழம்பினேன். அது நம்ம "ங்க" மாதிரி. வா, வாங்க. அம்மா, அம்மாங்க. மரியாதைக்கு பின்னாடி ஒட்டுறது. ஜூலே-ன்னா வணக்கம், நன்றி, போயிட்டு வரேன், எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தைதான். எனக்கு ஹிந்தி அரைகுறை, அமா-லேவுக்கும் ஹிந்தி அரைகுறை, அதனாலயே எங்களுக்குள்ள நல்லா ஒத்துப்போச்சு.

சாப்பாடு, டீ விஷயம் தெரிஞ்சுட்டுப் போங்க. வெண்ணெயும் உப்பும் போட்ட டீ, குர்குர் சான்னு சொல்வாங்க. டீன்னு நினைச்சு குடிச்சா முகம் சுளிப்பீங்க, ரசம் சூப்னு நினைச்சு குடிச்சா ரெண்டாவது கப்புல பழகிடும், மூணாவது நாள் நீங்களே கேப்பீங்க. அந்தக் குளிருக்கும் காஞ்ச காத்துக்கும் உடம்பு கேக்குது. கப்ப ஒரு வாய் குடிச்சு கீழ வச்சா உடனே நிரப்பிடுவாங்க, போதும்னா நிறைஞ்ச கப்ப அப்படியே வச்சிருந்துட்டு கிளம்பும்போது குடிங்க. எது குடுத்தாலும் உடனே கை நீட்டக்கூடாது, வேணாம் வேணாம்னு ரெண்டு தடவ சொல்லணும், அவங்க "டொன் லே, டொன் லே"னு வற்புறுத்தணும், அப்புறம் வாங்கிக்கணும். எங்க அப்பத்தா காலத்து வீட்டுக்குப் போன மாதிரி இருந்துச்சு. உக்கார்றதுக்கும் வரிசை இருக்கு, அடுப்புப் பக்கம், மேல்வரிசை எல்லாம் பெரியவங்களுக்கு. அடுப்புல குப்பை போடக்கூடாது, அதுல தெய்வம் இருக்கு. ஊத்துல சோப்பு போட்டு கழுவக்கூடாது, அங்க நீர்ல வாழ்ற லூனு ஒண்ணு இருக்குன்னு நம்புறாங்க. மணிச் சுவர் (மந்திரம் செதுக்கின கல்ல அடுக்கின சுவர்) வந்தா வலமா சுத்திப் போகணும். இதெல்லாம் நமக்குப் புதுசா என்ன?

டாய்லெட் உலர் கழிப்பறை. மேல ஓட்டை, பக்கத்துல மண் குவியல், போயிட்டு ஒரு மண்வெட்டி மண் தள்ளணும், அவ்ளோதான். நாத்தமே இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவ கீழ இருந்து எடுத்து வயலுக்குப் போடுறாங்க. பார்லியும் பட்டாணியும் அதுலதான் விளையுது. தண்ணி இல்லாத ஊர்ல இதவிட புத்திசாலித்தனமா ஒண்ணு யோசிக்க முடியாது.

களத்த மட்டும் மறக்கவே முடியல. நடுவுல ஒரு கம்பம், அதுல ஸோக்கள (யாக்கும் பசுவும் சேந்த கலப்பு) வரிசையா கட்டி சுத்திச் சுத்தி மிதிக்க விடுறாங்க, பின்னாடி பாட்டுப் பாடிட்டே ஒருத்தர் போறார். அப்புறம் தூத்தறதுக்கு காத்து வேணும்ல, காத்து நின்னுபோச்சுன்னா எல்லாரும் விசில் அடிக்கிறாங்க. காத்த கூப்பிடறது. முதல்ல விளையாட்டுன்னு நினைச்சேன். மேமே-லே, எழுபது வயசுக்கு மேல, உதட்ட குவிச்சு மெதுவா விசில் அடிச்சுட்டே மலையப் பாத்து நின்னார், கொஞ்ச நேரத்துல வைக்கோல் அசைஞ்சது. தானா வர்ற நேரமா கூட இருக்கலாம். ஆனா அந்த நிமிஷம் எனக்கு மேல்தோல் சிலிர்த்துச்சு.

திரும்பும்போது தெற்கால. புர்னேல இருந்து நடந்து புக்டல் மடம், குகைக்குள்ள தேன்கூடு மாதிரி ஒட்டி கட்டியிருக்காங்க. அப்புறம் ஷிங்கு லா (5,091 மீட்டர்) ஏறி தார்ச்சா, மணாலி. கேள்வி இருந்தா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

சித்தெறும்பு:

அக்கா ரொம்ப நன்றி, ரெண்டு தடவ படிச்சேன். நான் தனியா போகணும்னு மூணு வருஷமா நினைச்சுட்டு இருக்கேன், வீட்ல விடல. பொண்ணுங்க தனியா போனா சரியா இருக்குமா? அப்புறம் நான் சுத்த சைவம், முட்டை கூட இல்ல, அங்க பட்டினி கிடக்கணுமா?

நடைவண்டி:

சித்தெறும்பு, நான் பாத்த வரைக்கும் ஸன்ஸ்கார்ல பொம்பளைங்கதான் வயல், வீடு, பணம் எல்லாத்தையும் கையாள்றாங்க, ராத்திரி ஒரு வீட்ல இருந்து இன்னொரு வீட்டுக்கு தனியா நடந்து போறாங்க. தனியா வந்த ரெண்டு பொண்ணுங்கள புர்னேல பாத்தேன், நல்லா இருந்தாங்க. ஆனா ரெண்டு கணவாய்க்கு நடுவுல வண்டி கிடைக்காம நிக்கிற நிலைமை வரும், அதுக்கு கையில நாள் வச்சுட்டுப் போகணும். சைவத்துக்கு கவலையே படாத, கோடைக்காலத்துல கீரை, முள்ளங்கி, உருளை, பட்டாணி, ஸ்க்யூனு கோதுமை மாவை உருட்டி காயோட வேக வச்சு தருவாங்க, துக்பா (நூடுல்ஸ் சூப்) உண்டு, தயிர் உண்டு. கறி போட்டிருக்கான்னு முதல்லயே கேட்டுடு. சட்டில காஞ்ச கறி ஒரு துண்டு கிடந்தாலும் அவங்களுக்கு அது காய் சூப்புதான்.

முக்கியமா ஒண்ணு, லடாக்ல வெளி மாநில ப்ரீபெய்டு சிம் எடுக்காது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். வீட்ல விடலைன்னு சொன்ன இல்ல, பேச முடியாத நாள் எத்தனைன்னு அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிட்டுப் போ.

கருப்பு_புல்லட்:

நான் 2011ல பைக்ல போனேன், கார்கில் வழியா, பதும் வரைக்கும், அதுக்கு மேல ரோடு இல்ல, பைக்க போட்டுட்டு ஆறு நாள் நடந்தேன். நாள் பூரா நடந்தா எதிர்ல ரெண்டு கழுதை, ஒரு லாமா, அவ்ளோதான். இப்ப தார்ச்சால இருந்து நேரா ரோடு போட்டாச்சு, காலைல மணாலி பக்கம் கிளம்பினவன் சாயந்தரம் பதும்ல ரீல்ஸ் எடுக்குறான். கோன்போ ரங்ஜோன் மலை அடிவாரத்துல நான் தனியா டென்ட் போட்டு படுத்த புல்வெளில இப்ப வண்டித்தடம்தான் தெரியுது, போட்டோ பாத்து அழுகையே வந்துச்சு. இந்தியாவுல மிச்சம் இருந்த ஒரே ஒரு ஒதுக்குப்புறத்தையும் முடிச்சுட்டாங்க. அக்கா தப்பா நினைக்காதீங்க, உங்க பதிவு அருமை, ஆனா அந்த ஸன்ஸ்கார் இன்னும் அஞ்சு வருஷம்தான்.

நடைவண்டி:

தப்பாவே நினைக்கல தம்பி, உங்க வருத்தம் புரியுது. நானும் போறதுக்கு முன்னாடி இதே மாதிரிதான் பேசிட்டு இருந்தேன். நாலாவது நாள் ராத்திரி அடுப்பு பக்கத்துல உக்காந்து அந்த வீட்டு ஐயாகிட்ட, ரோடு வந்து எல்லாம் கெட்டுப்போச்சுல்லன்னு ஆறுதலா சொல்ற மாதிரி கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். அப்புறம் அவர் கதைய சொன்னார்.

அவருக்கு ஒம்பது வயசு இருக்கும்போது அவங்க அப்பா, அதான் நான் சொன்ன மேமே-லே, சாதர் வழியா லேக்கு கூட்டிட்டுப் போயிருக்கார். சாதர்னா குளிர்காலத்துல உறைஞ்சு போற ஸன்ஸ்கார் ஆறு, அந்த ஐஸ் மேல நடந்து போற வழி. இப்ப அதை ட்ரெக்னு காசு கட்டிப் போறோம். அப்ப கணவாய் எல்லாம் பனில மூடிட்டா வெளிய போக அது ஒண்ணுதான் பாதை. பகல்ல ஐஸ் மேல நடை, ராத்திரி குகைல படுக்கை, ஒரு வாரம். ஐஸ் உடைஞ்ச இடத்துல அப்பா இடுப்பளவு தண்ணில இறங்கி பையன தோள்ல வச்சு கடந்திருக்கார். லேல ஸ்கூல்ல விட்டுட்டு திரும்பி தனியா அதே ஐஸ்ல நடந்து வந்திருக்கார். பையன் அடுத்து வீட்டுக்கு வந்தது நாலு வருஷம் கழிச்சு. அம்மாவுக்கு அடையாளம் தெரியலையாம். அவர் சிரிச்சுட்டுதான் சொன்னார், அந்தப் பக்கம் மேமே-லே ஜெபமணிய உருட்டிட்டே தலைய குனிஞ்சு உக்காந்திருந்தார்.

அப்புறம் கேட்டார், நீங்க ஒதுக்குப்புறம்னு சொல்றது எதை, எங்க வீட்டுக்கு இது நடுவுலதான இருக்குன்னு. எனக்கு பதில் வரல.

நாம எத அமைதின்னு ரசிக்கிறோமோ அதுக்கு அவங்க குடுத்த விலை பிரசவம், குடல்வால், பல்வலி எல்லாம். ஒரு அரசாங்க கையெழுத்துக்கு 230 கிமீ போய் கார்கில்ல நிக்க வேண்டியிருந்துச்சு, அதுவும் கோடைக்காலத்துல மட்டும். 2024 ஆகஸ்ட்லதான் ஸன்ஸ்கார தனி மாவட்டமா அறிவிச்சாங்க, அதுக்கு அவங்க எத்தனையோ வருஷம் போராடியிருக்காங்க. நிம்மு-பதும்-தார்ச்சா ரோடு, 298 கிமீ, 2024 மார்ச்ல முழுசா இணைஞ்சது. ஷிங்கு லாவுக்கு அடில 4.1 கிமீ சுரங்கப்பாதை வேலை நடக்குது, அது முடிஞ்சா குளிர்காலத்துலயும் போய் வரலாம். அத சொல்லும்போது அமா-லே முகத்த பாக்கணும் நீங்க. குளிர் லீவுக்கு பசங்க வீட்டுக்கு வருவாங்கன்னு கணக்கு போட்டுட்டு இருக்காங்க.

ரிட்டயர்ட்_ஹவில்தார்:

மேடம் சொல்றது நூத்துக்கு நூறு சரி. நான் சர்வீஸ்ல ரெண்டு தடவ அந்த ஏரியால இருந்திருக்கேன், கார்கில் பக்கம் ஒண்ணு, லேக்கு அந்தாண்ட ஒண்ணு. மைனஸ் 25ல டீசல் கூழாகிடும், பேனா எழுதாது, தாடில ஐஸ் புடிக்கும். நமக்கு அரசாங்கம் கோட்டு குடுக்குது, பூட்ஸ் குடுக்குது, ரேஷன் வருது. அதே குளிர்ல ஒரு கிழவி சாணி வரட்டிய எண்ணி எண்ணி அடுப்புல வச்சு ஆறு மாசத்த ஓட்டுது. மரம் கிடையாது சார், ஆத்தோரம் வில்லோ, பாப்ளர் ரெண்டுதான், அதுவும் வீடு கட்ட. எரிக்கிறது எல்லாம் சாணிதான். வீட்டு கீழ்தளத்துல ஆடு மாடு, அதோட சூட்டுக்குப் பக்கத்துல குளிர்கால அடுக்களை, குடும்பமே அந்த ஒரு ரூம்ல.

ஒரு தடவ எங்க வண்டி பனில மாட்டி நாங்க நாலு பேர் ஒரு வீட்ல ராத்திரி தங்குனோம். மறுநாள் காசு குடுத்தேன், அந்தம்மா வாங்கல. நான் புது ஆள், வம்பு பண்ணி குடுக்கப் பாத்தேன், எங்க சுபேதார் கைய புடிச்சு நிறுத்திட்டார். அடுத்த வாரம் ஒரு மூட்டை அரிசி கொண்டுபோய் வச்சோம், அத வாங்கிக்கிட்டாங்க, பதிலுக்கு ஒரு பை காஞ்ச பாதாமி (ஆப்ரிகாட்) பழம் குடுத்தாங்க. அங்க குடுக்கல் வாங்கல் அப்படித்தான்.

1999ல கார்கில் பக்கம் எல்லை தாண்டி வந்தவங்கள முதல்ல பாத்து சொன்னது யாரு, யாக்க தேடி மலை ஏறுன உள்ளூர் மேய்ப்பர்தான். அந்த ஜனங்க கண்ணு அப்படி. மரியாதையா போங்க, மரியாதையா வாங்க.

மாத்திரைப்பெட்டி:

எல்லாரும் உணர்ச்சிகரமா பேசிட்டு இருக்கீங்க, நடுவுல ஒரு விஷயம், நான் மருத்துவத்துறை, இத சொல்லாம விட முடியாது. நடைவண்டி போன ரூட்ல ஒரு நல்லது இருக்கு, கவனிச்சீங்களா, கார்கில் 2,700 மீட்டர் கூட இல்ல, அங்க ஒண்ணு, பனிக்கர்ல ரெண்டுனு படிப்படியா ஏறியிருக்காங்க. மணாலில இருந்து ஷிங்கு லா வழியா ஏறுனா ஒரே நாள்ல 5,000 மீட்டர் தாண்டுறீங்க, அங்க கடல்மட்டத்துல கிடைக்கிற ஆக்ஸிஜன்ல பாதி சொச்சம்தான் கிடைக்கும். ரோடு ஈஸி ஆனதால வர்ற ஆபத்து இது, முன்னாடி நடந்து ஏறும்போது உடம்பு தானா பழகிட்டே வரும், இப்ப கார்ல ஏசி போட்டு தூங்கிட்டே ஏறிடறோம்.

3,000 மீட்டருக்கு மேல போனா, படுக்கிற இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது. பகல்ல கணவாய் தாண்டி கீழ இறங்கி படுக்கறது பரவால்ல. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தா அன்னைக்கு மேல ஏறாதீங்க. நேர்கோட்டுல நடக்க முடியாம தள்ளாடினாலோ, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும்னு பாக்காம அந்த ராத்திரியே கீழ இறங்கணும். உயரத்துல வர்ற இந்த நோய்க்குப் போடுற டயமாக்ஸ் மாத்திரைய கடைல கேட்டு நீங்களா போடாதீங்க, சல்ஃபா அலர்ஜி இருக்கவங்க முக்கியமா டாக்டர்கிட்ட கேளுங்க. மது வேணாம், முதல் ரெண்டு நாளாவது. அங்க சாங்னு பார்லி கள்ளு தருவாங்க, நடைவண்டி சொன்ன மாதிரி வேணாம் வேணாம்னு சொல்லி நிஜமாவே நிறுத்திக்கங்க.

வயசானவங்க, இதய நோய் உள்ளவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம டிக்கெட் போடாதீங்க.

கண்மாய்க்கரை:

இழைய இன்னைக்குத்தான் பாத்தேன். நடைவண்டி அக்கா எழுதுன அந்தக் களத்து சீன படிச்சதும் எனக்கு தூக்கமே வரல. எங்க ஊர்ல இதுக்கு பிணையல்னு பேரு. மாட்ட வரிசையா பிணைச்சு சூட்ட மிதிக்க விடறது. எங்க தாத்தா ஓட்டுனத நான் சின்னப்புள்ளைல பாத்திருக்கேன், இப்ப மிசின் வந்துருச்சு. எங்கயோ இமயமலைக்கு அந்தப் பக்கம் அதே மாதிரி கம்பத்த நட்டு ஓட்டுறாங்கன்னு நினைக்கவே என்னமோ பண்ணுது.

எனக்கு ஒரு சந்தேகம், அங்க மழை கிடையாதே, தண்ணி எப்படி பிரிக்கிறாங்க? எங்க பக்கம் கண்மாய் தண்ணிக்கு நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருப்பார், அவர் மம்பட்டியோட போய் யார் வயலுக்கு எவ்வளவு நேரம்னு திறந்து விடுவார், அவர் பேச்சுதான் சட்டம், சம்பளம் நெல்லு. அந்த மாதிரி ஏதாவது உண்டா?

நடைவண்டி:

கண்மாய்க்கரை, அப்படியே உண்டு! சுர்போன்னு பேரு. அந்த ஊர்ல ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டுக்கு முறை வருது. லேல மொத்த வருஷத்துக்கே 10 சென்டிமீட்டர் மழைதான், மலைக்கு இந்தப் பக்கம் பருவமழை எட்டிப் பாக்காது. முழுக்க பனி உருகி வர்ற தண்ணிதான், சின்ன வாய்க்கால்ல மலைய சுத்தி இறக்கி கொண்டு வராங்க. ஒரு வயலுக்கு பாய்ஞ்சதும் மண்ணும் கல்லும் வச்சு அடைச்சு அடுத்ததுக்கு திருப்புறாங்க. ஜூன் மாசத்துல பனி மெதுவா உருகினா சண்டை வரும்னு சொன்னார், அப்ப சுர்போன்தான் நடுவர். எங்க ஐயா அடுத்த வருஷம் சுர்போன், அதுக்கு இப்பவே கவலைப்பட்டுட்டு இருந்தார்.

கவலைக்கு காரணம் இருக்கு. குமிக்னு ஒரு ஊர், ஸன்ஸ்கார்லயே ரொம்ப பழமையான ஊர்கள்ல ஒண்ணுன்னு சொல்வாங்க. அதுக்கு மேல இருந்த பனிப்படலம் சுருங்கிப் போய் ஓடை வத்திடுச்சு. ஒரு ஊரே கூடிப் பேசி, கீழ ஆத்துக்குப் பக்கத்துல வேற மேட்டுக்கு மாறணும்னு முடிவு பண்ணி, அவங்களே வாய்க்கால் வெட்டி, வீடு கட்டி, கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டு இருக்காங்க. நாங்க ஒரு மதியம் அங்க போனோம். மேல பழைய ஊர்ல இன்னும் ஆள் இருக்கு, பாதி வயல் காஞ்சு தரிசா கிடக்கு, சுவர் மட்டும் நல்லா நிக்குது. கார்பன் புகை விட்டது யாரோ, ஊர காலி பண்றது யாரோ. ஒரு பாட்டி எங்களுக்கு டீ குடுத்தாங்க, அந்த டீக்கு தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னு நினைச்சுட்டே குடிச்சேன்.

கருப்பு_புல்லட்:

அக்கா, நீங்க எழுதுனதுக்கு ரெண்டு நாளா பதில் யோசிச்சுட்டு இருந்தேன். அந்த சாதர் கதைக்கு அப்புறம் "ரோடு வேணாம்"னு சொல்ல எனக்கு வாய் வராது, சொன்னது என் சுயநலம்தான், ஒத்துக்குறேன். எனக்கு வேண்டிய ஸன்ஸ்கார நான் அவங்க மேல சுமத்தியிருக்கேன்.

ஆனா ஒண்ணு மட்டும் விடமாட்டேன். அவங்களுக்கு ரோடு வேணும்ங்கிறது ஒண்ணு, அந்த ரோட்ல நாம எப்படிப் போறோம்ங்கிறது இன்னொண்ணு. லேக்கு என்ன ஆச்சு பாருங்க, ஹோட்டலுக்கு ஹோட்டல் போர் போட்டு நிலத்தடி தண்ணிய உறிஞ்சுறாங்க, ஃப்ளஷ் டாய்லெட், ஷவர், எல்லாம் நமக்காக. உலர் கழிப்பறைல போகமாட்டேன்னு ஒரு டூரிஸ்ட் சொன்னா அந்த வீட்டுக்காரர் அடுத்த வருஷம் கடன் வாங்கி டைல்ஸ் போட்டு வெஸ்டர்ன் வைப்பார், அப்புறம் அந்த கழிவு எங்க போகும், அதே ஓடைக்குத்தான. மலைல குப்பை அள்ள லாரி வராது. நான் 2011ல கொண்டு போன மேகி கவர், பேட்டரி எல்லாம் எங்க போட்டேன்னு இப்ப யோசிச்சா உறுத்துது.

நடைவண்டி:

தம்பி இதுல உங்ககூட முழுசா நிக்கிறேன், நான் சரியா சொல்லாம விட்டத நீங்க சொல்லிட்டீங்க. எங்க வீட்லயும் அந்தப் பேச்சு ஓடிட்டுதான் இருந்துச்சு, மேல ரெண்டு ரூம், வெஸ்டர்ன் டாய்லெட். வேணாம்னு சொல்ல நான் யாரு, எனக்கு வேணாம்னு மட்டும்தான் சொல்ல முடியும். அதனால கிளம்புற அன்னைக்கு அமா-லேகிட்ட, உங்க கழிப்பறைதான் எனக்கு ரொம்ப வசதியா இருந்துச்சு, எங்க ஊர்ல இப்படி இல்லையேன்னு இருக்குன்னு மனசார சொன்னேன். நம்பல, சிரிச்சாங்க. நாலு பேர் வந்து சொன்னா ஒருவேளை நம்புவாங்க.

குப்பைய நாங்க ஒரு சாக்குல கட்டி மணாலி வரைக்கும் சுமந்துட்டு வந்தோம்.

சித்தெறும்பு:

அக்கா, கருப்பு_புல்லட் அண்ணா, ரெண்டு பேரும் பேசுறத படிச்சுட்டு நான் ப்ளானையே மாத்திட்டேன். முன்னாடி 10 நாள்ல லே, நூப்ரா, பாங்காங், ஸன்ஸ்கார்னு போட்டிருந்தேன், இப்ப ஸன்ஸ்கார் மட்டும், 15 நாள். ஒரு விஷயம், புக்டல்ல ஒரு ஹங்கேரிக்காரர் இருந்தார்னு எங்கயோ படிச்சேன், அது உண்மையா? அந்த அறைய பாக்க முடியுமா?

நடைவண்டி:

உண்மைதான். சோமா டி கொரோஷ்னு பேரு. 1823ல ஸன்ஸ்கார்ல ஸங்லாங்கிற ஊருக்கு வந்து ஒரு லாமாகிட்ட திபெத்திய மொழி கத்துக்கிட்டார், அப்புறம் 1825-26 குளிர்காலத்துல புக்டல் மடத்துல இருந்தார். நடந்தே வந்த மனுஷன். அந்தக் குளிர்ல சின்ன ரூம்ல உக்காந்து வார்த்தை வார்த்தையா சேத்து, 1834ல கல்கத்தால திபெத்திய-ஆங்கில அகராதி வெளிவந்துச்சு. புக்டல்ல அவருக்கு ஒரு கல்வெட்டு இருக்கு, ஸங்லா பழைய கோட்டைல அவர் இருந்த அறைய காட்டுறாங்க.

எனக்கு அங்க நின்னப்ப அவரவிட அந்த லாமாவத்தான் நினைக்கத் தோணுச்சு. எங்கிருந்தோ வந்த ஒருத்தருக்கு மாசக்கணக்கா பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்திருக்கார், விரல் விறைச்சுப்போற குளிர்ல.

புர்னேல இருந்து மடத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் நடை, ஆத்தோரமா செங்குத்தான பாதை. 2014 டிசம்பர் கடைசில மலை சரிஞ்சு அந்த ஆத்த அடைச்சு பெரிய ஏரி மாதிரி ஆயிடுச்சு, 2015 மே 7ல உடைஞ்சு பாலம் எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போச்சு. நல்லவேளை யாரும் சாகல. அந்த வருஷம் மறுபடி கயிறு கட்டி கடந்தோம்னு புர்னே டீக்கடைல ஒரு அக்கா சாதாரணமா சொன்னாங்க. காலைல சீக்கிரம் கிளம்பு, மதியத்துக்கு மேல காத்து புழுதி கிளப்பும்.

கண்மாய்க்கரை:

அக்கா ஒண்ணு கேக்க மறந்துட்டேன். அந்த வீட்டு தாத்தா, அவர் மகன் வீட்லயேதான் இருக்காரா? எங்க பக்கம் இது பெரிய பிரச்சினை அதான் கேக்குறேன்.

நடைவண்டி:

அது அவங்க வழக்கத்துலயே இருக்கு கண்மாய்க்கரை. மூத்த மகனுக்கு கல்யாணம் ஆகி பொறுப்பு எடுத்ததும் பெரிய வீட்ட அவன்கிட்ட குடுத்துட்டு பெத்தவங்க பக்கத்துலயே சின்ன வீட்டுக்கு மாறிடுவாங்க, காங்புனு சொல்றாங்க. தனி அடுப்பு, அவங்களுக்குன்னு ஒரு துண்டு நிலம். யாரும் யாரையும் துரத்தல, வயசு வந்தா பள்ளிக்கூடத்துக்குப் போற மாதிரி அது ஒரு கட்டம். எங்க மேமே-லேயும் அப்படித்தான், ஆனா பாட்டி இறந்ததுக்கு அப்புறம் சாப்பாட்டுக்கு பெரிய வீட்டுக்கு வந்துடறார். அதுபோக பஸ்புன்னு சில வீடுங்க சேந்த ஒரு கூட்டு இருக்கு, சாமி ஒண்ணு, பங்காளி மாதிரின்னு வச்சுக்கங்க. சாவு விழுந்தா அந்த வீட்டுக்காரங்க அழுதா போதும், மீதி அத்தனையும் பஸ்புன் பாத்துக்கும். பாட்டி இறந்தது பிப்ரவரில, ரோடு மூடின நேரம். லேல இருந்த பேரப்பசங்களால வர முடியல.

சித்தெறும்பு:

அக்கா, டிக்கெட் போட்டாச்சு! ஆகஸ்ட் கடைசி வாரம் கிளம்புறேன். அம்மா ஒத்துக்கிட்டாங்க, உங்க பதிவ தான் படிச்சுக் காட்டுனேன். அந்த வீட்டுக்கு நான் போகலாமா? ஊர் பேர் இங்க வேணாம், தனிச்செய்தில சொல்லுங்க. இல்ல கஷ்டமா இருந்தா வேற வீடு பாத்துக்குறேன், பரவால்ல.

நடைவண்டி:

போ, தாராளமா போ. நீ போறதுல எனக்கும் ஒரு வேலை ஆகணும். களத்துல எடுத்த போட்டோ எல்லாம் ப்ரிண்ட் போட்டு அனுப்புறேன்னு சொல்லிட்டு வந்தேன், தபால்ல போட்டேன், போய்ச் சேரலைன்னு பதும்ல இருந்து அந்த ஐயா போன்ல சொன்னார். இன்னொரு செட் போட்டு வச்சிருக்கேன், முப்பத்திரெண்டு படம், பாட்டி இருந்த பழைய படம் ஒண்ண போன்ல எடுத்து வந்ததையும் பெருசு பண்ணியிருக்கேன். உன் அட்ரஸ் அனுப்பு.

கூடவே ஒரு கண்ணாடியும் வைக்கிறேன், படிக்கிற கண்ணாடி, ப்ளஸ் ரெண்டரை. மேமே-லேக்கு பிரார்த்தனை புத்தகத்துல எழுத்து தெரியல, என் தம்பி கண்ணாடிய போட்டுப் பாத்துட்டு ரெண்டு பக்கம் சத்தமா படிச்சுட்டு திருப்பிக் குடுத்துட்டார். பெட்டில துணிக்கு நடுவுல வச்சுக்க, உடைஞ்சிடாம.